நடுவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்

எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்புக்கும் எனக்கும் முதல் கபடிப் போட்டி நடந்தது ஒரு முகூர்த்த நாள் காலையில். கழுகுமலையில் நாத்தனார் மகன் கல்யாணம். என் கணவர் கருத்தப்பாண்டி பட்டு வேட்டி கட்டி, செருப்பைப் போட்டு, வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் அடுப்பு முன்னால் நிற்கிறேன். அடுப்பைத் திருகும் நாப் நேராக இருக்கிறதா? இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். தொட்டபோது கை பட்டுத் திரும்பியிருந்தால்? மறுபடியும் உள்ளே போனேன்.

அவருக்கு இது பழகிய கூத்துதான். தலையில் அடித்துக்கொள்வார், இல்லையென்றால் "அணைஞ்சிருக்குளா, வந்து தொலை" என்று கத்துவார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, மைக் குரலை எடுத்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருக்கிறவர், ஆனால் கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் அவரை எல்லோருக்கும் கபடி வர்ணனையாளராகத்தான் தெரியும். எங்கே போட்டி நடந்தாலும் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

"இதோ பாடி வருகிறார் கோவில்பட்டி அணியின் நட்சத்திர வீராங்கனை செண்பகவல்லி. எதிரே தனி ஆளாக நிற்கிறது கேஸ் அடுப்பு. அசையவில்லை, முறைக்கிறது. வீராங்கனை வலது கையை நீட்டுகிறார். தொட்டாரா, தொடவில்லையா? நடுவரைக் கேட்கலாம் என்று பார்த்தால் நடுவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், அன்பர்களே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த நேரத்தில் மனசுக்குள் இருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்ததுதான் சாக்கு என்று ஓடிப்போய் வண்டியில் ஏறிவிட்டேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாண வீட்டில் தாலி கட்டுவதை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். மற்ற கல்யாணங்களுக்கெல்லாம் நாங்கள் போய்ச் சேரும்போது பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் ஏதோ ரொம்பக் கவனமான பொம்பளை என்று நினைத்துவிட வேண்டாம். இது நோய். எண்ணச் சுழற்சி நோய் என்று புத்தகத்திலும் ஓ.சி.டி. என்று ஊரிலும் சொல்வார்கள். நான் கணக்கு டீச்சராக இருந்தவள். விடைத்தாள் திருத்தும் முகாமில் எல்லோரும் கட்டுக் கட்டாக முடித்துவிட்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தபோது நான் முதல் தாளின் மார்க்கையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன். "டீச்சர், நீங்க வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க" என்று மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நாளில் வேலையையே விட்டேன். கேஸ்தானே பிரச்சினை என்று இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிப் பார்த்தோம். ஸ்விட்சைப் பார்க்க ஆரம்பித்தேன். கேஸாவது கசிந்தால் நாறும், இது அதுகூடச் செய்யாதே என்று பயம் இரண்டு மடங்காகி, மறுபடி கேஸுக்கே வந்து சேர்ந்தோம்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். மகள்தான் விடவில்லை. எங்களுக்கு ஒரே பெண், நறுமுகை. ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எந்த அறையில் கட்டில் போடுவது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வளைகாப்பு போட்டு அழைத்துவந்து முதல் பிரசவம் நம் வீட்டில் பார்ப்பதுதானே வழக்கம். அவள் போனில் ஒரே போடாகப் போட்டாள்.

"ம்மா, நான் அங்க வரல. இங்கனயே பாத்துக்கிடுதேன்."

"ஏன்ட்டி?"

"நீ அடுப்பு முன்னால நிக்கதைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதும்மா. உனக்குக் கொஞ்சமாது சரியாவட்டும், வாரேன்."

பெற்ற பெண் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். போனை வைத்துவிட்டு அழுதேன். அந்த வாரமே பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

மனநல டாக்டர் மெர்சி ஜெபராணி என்னிடம் பேசியதைவிட இவரிடம்தான் அதிகம் பேசினார். கபடிக் கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்க ஏன் 'அணைஞ்சிருக்கு'ன்னு முடிவைச் சொல்லல?"

"எனக்குத் தெரியாதே டாக்டர். நான் வாசல்லல்லா நின்னேன். நடுவர் விசில் ஊதாம நாம முடிவு சொல்லக் கூடாது, அது மைக் பிடிக்கவனுக்கு அழகில்ல."

"அதாங்க வேலை செஞ்சிருக்கு. இந்த நோய் சந்தேகத்துல வளருதுன்னு எல்லாரும் நினைக்காங்க. இது வளருறது சமாதானத்துல. 'அணைஞ்சிருக்கு'ன்னு ஒருக்கா சொன்னா கொஞ்ச நேரம் அடங்கும். அப்புறம் திரும்பக் கேக்கும், முன்னைவிட அதிகமாக் கேக்கும். நீங்க பதிலே சொல்லாம அதைக் கிண்டல் பண்ணிட்டீங்க. சந்தேகத்தையும் கூட்டிக்கிட்டே வெளிய போகப் பழகணும். அவ்ளோதான் வைத்தியம்."

"அப்பம் இவரை இடுப்புல கட்டிக்கிட்டே திரியணுமா டாக்டர்?" என்றேன்.

அப்போதுதான் கம்மலைப் பற்றிச் சொன்னார். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற சின்னக் கருவி, பெங்களூர் கம்பெனி ஒன்றின் சரக்கு. அதற்கு என்னவோ நீளமான பேர் உண்டு, ஒட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் கம்மல் என்றுதான் சொல்கிறோம். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்கிற உந்துதல் நமக்குத் தெரிவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அதற்குத் தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் காதில் ஒரு கிண்டலை விடும். "இதுவரைக்கும் கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்த ஜோக்குதான். ஒருத்தருக்கும் சரியாச் சிரிப்பு வரல. வீட்டு ஆள் குரல்ல, வீட்டு ஆள் பேசுத மாதிரியே பண்ணிப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றார் டாக்டர்.

இவர் மதுரைக்குப் போய், ஒலிப்பதிவுக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை பேசிவிட்டு வந்தார். எந்திரம் அவர் குரலையும் குசும்பையும் படித்துக்கொண்டது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள். அது பழகி முடிக்கிறவரை இவர் வீட்டில் வர்ணனைக் குரலில் பேசக் கூடாது. இரண்டு பேர் சிரிக்க வைத்தால் எந்தச் சிரிப்பு தன்னுடையது என்று அதற்குக் குழம்பிவிடுமாம்.

கம்மல் வேலை செய்தது. பொய் சொல்லக் கூடாது, பிரமாதமாக வேலை செய்தது. பூட்டை இழுத்துப் பார்க்கப் போனால், "அக்கா, கையை விடுங்க, எனக்கும் குடும்பம் இருக்கு என்று பூட்டு கெஞ்சுகிறது, அன்பர்களே" என்னும். அடுப்படி வாசலில் கால் வைத்தால், "வீராங்கனை நேற்றும் வந்தார், இன்றும் வருகிறார், அடுப்புக்கே சலிப்புத் தட்டிவிட்டது" என்னும். நான் சிரித்துவிட்டுத் திரும்பி நடப்பேன். ஒரு தடவைகூட அணைந்திருக்கிறது என்று அது சொன்னதில்லை.

சோபாவில் உட்கார்ந்து இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இப்பம் நான் என்ன சொன்னேன்?"

சொல்வேன்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கேன்" என்பார், பேப்பரைத் திருப்பிக்கொண்டே. எங்கள் வீட்டில் அவர் பேச்சு குறைந்தது அப்போதுதான். என் காதில் நாள் முழுக்க அவர் பேசிக்கொண்டிருந்ததால் எனக்கு அது உறைக்கவில்லை.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. நறுமுகை வந்தாள். வந்த அன்றைக்கு நான் அடுப்பை அணைத்துவிட்டு நேரே கூடத்துக்கு வருவதைக் கதவோரம் நின்று பார்த்தாள். "நெசமாவே நிறுத்திட்டியாம்மா" என்று கேட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் கம்மல் வழக்கம்போல ஆரம்பித்தது. வீராங்கனை வருகிறார், நீட்டுகிறார், தொடுகிறார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அடுப்பு அவுட். அணைந்தே விட்டது, அன்பர்களே" என்றது.

அடடா. காய்ச்சல் உடம்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது. மறுநாளும் அப்படியே சொன்னது. மூன்றாம் நாள் அதைக் கேட்பதற்கென்றே அடுப்படிக்குப் போய், உந்துதல் வரட்டும் என்று நின்றேன். கிண்டல் காதில் ஓட, அதைத் தாண்டி அந்தக் கடைசி வார்த்தை எப்போது வரும் என்று காத்திருந்தேன். குழாய் மூடியிருக்கிறது. பூட்டு பூட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் முடிவு சொன்னது, அவர் குரலில், அவ்வளவு அன்பாக. கேட்டுவிட்டு வருவேன், கேட்கப் போவேன்.

ஆளைச் சிரிக்க வைத்தே பேர் எடுத்தவரை ஏமாற்ற முடியுமா? ஒரு நாள் பேப்பரைக் கீழே வைத்தார்.

"ஏளா, நீ இப்பம் சிரிக்கதே இல்லையே."

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீ பெருமூச்சுல்லா விடுத."

என்னிடமிருந்து விஷயத்தை வாங்கிவிட்டு நேரே கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் நறுமுகையும் கேட்டுக்கொண்டிருந்தோம். எடுத்தவன் பேர் பிரணேஷ், சின்ன வயசுக் குரல், நல்ல மரியாதை.

"சார், மேடத்தோட ஸ்கோர் சூப்பரா இருக்கு சார்."

"என்ன ஸ்கோரு?"

"முகம் தளர்றது, மூச்சு இறங்குறது, இதையெல்லாம் வச்சு அது சிரிப்புன்னு எடுத்துக்கும். முடிவைச் சொன்னா எல்லாருக்குமே அது நல்லா வருது. அதுவாவே கத்துக்கிச்சு."

"அது சிரிப்பு இல்ல தம்பி. முடிவு சொல்லக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாங்க."

"தெரியும் சார். நிறுத்திப் பாத்தோம். மறுநாளே அவ்வளவு பேரும் திட்டி மெசேஜ் போட்டாங்க. இப்ப யாருமே கழட்டி வைக்க மாட்டேங்குறாங்க. டாக்டருங்க அது தப்புங்குறாங்க, எங்க மேனேஜர் அதுதான் வெற்றிங்குறார். நான் என்ன சார் பண்ணட்டும்?"

"எம் பொண்டாட்டி காதுல நான் சொல்லாததை என் குரல்ல சொல்லிக்கிட்டிருக்கு. என் குரலை எடுத்துருங்க."

"எடுக்கக் கூடாது" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இவர் போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்குக் கண்ணு கிடையாதுளா. அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்தாலும் அது அணைஞ்சிருச்சுன்னுதான் சொல்லும்."

அது எனக்குத் தெரியாதா? கணக்கு டீச்சர் நான். தெரிந்தும் வேண்டியிருந்தது, அதுதானே நோய்.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த நறுமுகை நிமிர்ந்தாள். "ம்மா, அது எப்பவுமே ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுமா?"

"எப்பவும்."

"நல்லாருக்கும்லா" என்றாள்.

பிரசவ வலி கண்டது ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவவில்லை. பனிக்குடம் உடைந்துவிட்டது. இவர் ஆட்டோவைக் கூட்டிவந்து நறுமுகையை ஏற்றிவிட்டார். நான் துணிப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படி வழியாக வந்தேன், நின்றுவிட்டேன். காதில் சத்தமே இல்லை. கம்மலைத் தட்டினேன். நாப்பைத் தொட்டேன். கையை எடுத்தேன், மறுபடியும் தொட்டேன். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். உள்ளே வந்தவரிடம், "என்னங்க, பேச மாட்டேங்குது" என்றேன்.

"நேத்துதான் கம்பெனிக்கு மறுபடி பேசி என் குரலை எடுக்கச் சொன்னேன். இன்னைக்கே எடுப்பான்னு தெரியாதுளா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே வைத்து அரைத்திருப்பேன். ஆனால் ஆத்திரப்பட நேரமில்லை. கெஞ்சினேன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அணைஞ்சிருக்குன்னு நீங்க சொல்லுங்க. பிள்ளை ஆட்டோல இருக்கா. சொன்னீங்கன்னா உடனே வந்துருதேன்."

சொல்லிவிட்டால் வந்திருப்பேன், சத்தியமாக. அவருக்கும் அது தெரியும். என் பக்கத்தில் வந்து அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். தொண்டையைச் செருமினார். மாதக்கணக்கில் எடுக்காத குரல், கரகரவென்று வந்தது.

"அன்பர்களே, ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஆனால் மைதானத்தைக் காலி செய்யச் சொல்லி ஆட்டோக்காரர் விசில் ஊதிவிட்டார். ஜெயித்தது அடுப்பா, செண்பகவல்லியா என்பதை, வீடு இருந்தால், நாளைக்கு வந்து தெரிந்துகொள்வோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அவர் வாசலைப் பார்த்து ஓடினார். நான் ஓங்கிய கையோடு துரத்தி, அந்த வேகத்தில் ஆட்டோவில் போய் விழுந்தேன். இளையரசனேந்தல் ரோடு திரும்பும்போது "வீடு இருந்தால்" என்று அவர் சொன்னது ஞாபகம் வந்து சிரிக்க ஆரம்பித்தேன். வலியில் நெளிந்துகொண்டிருந்த நறுமுகை, "எதுக்கும்மா சிரிக்க?" என்றாள். "வீடு எரிஞ்சாலும் எரியும்ட்டி" என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுப்பு அணைந்திருந்ததா இல்லையா என்று கேட்பீர்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்? நானும் அந்தச் சாயங்காலம் முழுக்க அது தெரியாமல்தான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லி மனசு அரித்தது. அரித்துக்கொண்டே இருந்துவிட்டு, எப்போதென்று தெரியாமல் அதுவாக நின்றது.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். மறுநாள் காலையில் நர்ஸம்மா வந்து குழந்தையை எடுத்து, எடை போட்டு, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "தங்கம் மாதிரி இருக்கா, ஒரு குறையும் இல்ல" என்று தொட்டிலில் போட்டுவிட்டுப் போனாள். இவர் காப்பி வாங்கக் கீழே இறங்கினார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"ம்மா, மூச்சு விடுதா பாரு" என்றாள் நறுமுகை.

எட்டிப் பார்த்தேன். "விடுதுட்டி. கவலப்படாத."

தலைச்சன் பிள்ளைக்காரி, பயம் இருக்கத்தானே செய்யும். துணிகளை மடிக்க ஆரம்பித்தேன்.

"ம்மா, இன்னொருக்கா பாரேன். நெஞ்சு அசையுதான்னு பாரு."

பார்த்தேன், சொன்னேன். அடுத்த துணியை எடுப்பதற்குள், "நீ சரியாப் பாக்கல. கிட்டப் போயிப் பாரு" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் இமைக்காமல் தொட்டிலையே வெறித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு விரலால் இன்னொரு விரலை அழுத்திக்கொண்டு இருந்தாள். அந்த விரல் எனக்குத் தெரியும். அடுப்பு முன்னால் நான் நிற்கும்போது என் விரல் அப்படித்தான் இருக்கும்.

துணியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். "எப்பம் இருந்துட்டி?"

அவளுக்கு உடனே அழுகை வந்துவிட்டது. "காலேஜ் படிக்கையிலேருந்தேம்மா. ஓசூர்ல பூட்டு, பைப்பு, எல்லாம் உண்டு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. உன்னப் பாத்தா எனக்குக் கூடிரும்னுதான் வரமாட்டேன்னு சொன்னேன். நீ சரியாயிட்ட, எனக்கும் சரியாயிரும்னு நினைச்சு வந்தேன். இப்பம் இவ வந்துட்டாளே. ராத்திரியெல்லாம் நான் கண்ணையே மூடல. அந்தக் கம்மலை எனக்கு ஒட்டி விடும்மா. அப்பா குரல்ல, விடுது, விடுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கட்டும்."

இத்தனை மாதமும் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அது இப்பம் பேசாதுட்டி. பேசினாலும் தரமாட்டேன்."

"அப்பம் நீ சொல்லு. மூச்சு விடுதா?"

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தொட்டில் தெரிந்தது. ஒரு வார்த்தை. உலகத்தில் எந்த அம்மா தன் மகளுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டாள்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இன்னும் ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கேட்பாள். அவள் பிள்ளைக்குப் பல் முளைக்கிறவரை கேட்பாள், கல்யாணம் ஆகிறவரை கேட்பாள்.

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கு அவர் குரல் வராது. வந்ததை வைத்து ஆரம்பித்தேன்.

"இதோ, பாடி வருகிறார் ஓசூர் அணியின் புது வீராங்கனை. இன்னும் பேர்கூட வைக்கவில்லை. கண்ணைத் திறக்காமலே எதிரணி அம்மாவை ஆட்டம் காண வைத்துவிட்டார். கபடி விதிப்படி பாடிப் போகிறவர் மூச்சு விட்டால் அவுட். விடாவிட்டால் அம்மாவுக்குப் பயம். அம்மா எந்த அணிக்கு ஆடுகிறார் என்றே தெரியவில்லை, அன்பர்களே."

"நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றாள். தலையணையை எடுத்து எறிந்தாள். அது என் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது.

நான் நிறுத்தவில்லை. "அம்மா ஆத்திரத்தில் தலையணையை வீசுகிறார். பாட்டிக்குப் பலத்த அடி. முதலுதவிக்கு ஆள் கேட்டால் தாத்தா காப்பிக் கடையில் வரிசையில் நிற்கிறார்."

கொஞ்ச நேரம் விசும்பல்தான் கேட்டது. அதற்கு நடுவில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அது பெருமூச்சு இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் இப்போது நன்றாகத் தெரியும்.

"அப்பா அளவுக்கு உனக்கு வரலம்மா" என்றாள்.

"வராதுட்டி."

"பாக்கணும் போல இருக்கும்மா. ரொம்ப இருக்கு."

"இருக்கட்டும். இருந்துட்டுப் போகட்டும். நான் கூட இருக்கேன்."

அவள் நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல இறுக்கம், வளையல் அழுந்தியது. இரண்டு பேரும் தொட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டில் நிற்கும் ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கும் திரும்பிப் பார்க்க வேண்டும் போல்தான் இருந்தது.